காடியில் வறுத்த கோரைக்கிழங்கு

தம்பி,

நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாக உன் பின்னாலேயே சுற்றினேன். "என்னாம்மா, கல்யாண வேலைய விட்டுட்டு என் பின்னாலயே சுத்துற" என்று நீயே கேட்டாய். வாயைத் திறந்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். நான் அழுதால் நீ ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்து, "சரி விடும்மா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ இதைப் படிக்கும்போது நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். முழுசாகப் படித்து முடிக்கும்வரை மேலே வராதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு மலரை அழைத்துக்கொண்டு புனேவுக்கு வேலைக்குப் போகிறாய். அம்மா செய்கிற கோரைக்கிழங்குப் பொடி ஒன்று இருந்தால் போதும், உலகத்தில் எந்த மூலையிலும் இருந்துவிடுவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். தம்பி, அந்தப் பொடியை நம்பி நீ போகக் கூடாது. போனால் பழையபடி படுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்ல நாலு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அந்த ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை நீ வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. அந்த வாரம் முழுக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே இருந்தாய். நம் செம்மண்டலம் வீட்டில் ஆளுக்கொரு காரணம் தேடினோம். ஏதாவது பெண் விவகாரமா, கம்பெனியில் யாராவது திட்டினார்களா, கெட்ட சகவாசமா என்று உன் அப்பா உன் நண்பர்களையெல்லாம் கூப்பிட்டு விசாரித்தார். நான் கோயில் கோயிலாகப் போய் உன் இடுப்பில் இரண்டு கயிறு கட்டினேன். கட்டும்போது நீ கையைத் தூக்கிக் காட்டிய விதத்தை நினைத்தால் இப்போதும் மனசு பிசைகிறது. வேண்டாம் என்று சொல்லக்கூட உனக்குத் தெம்பு இல்லை.

உண்மையைச் சொன்னது நூர்ஜஹான்தான். சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கிற மருந்தியல் கல்லூரியில் என்னோடு ஆய்வக உதவியாளராக இருப்பவள், லால்பேட்டைக்காரி, நம் வீட்டுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறாள். கயிறு கட்டிய கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இது செய்வினையும் இல்ல, திமிரும் இல்ல. நோவு. எங்க அண்ணனுக்கும் இப்டித்தான் வந்துச்சு. டாக்டர்ட்ட காட்டுனோம், மாத்திரை சாப்புட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ், இப்ப கடைய அவுங்கதான் பாத்துக்குறாங்க. புள்ளைய கூட்டிட்டுப் போக்கா" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். கடலூரிலேயே ஒரு மனநல மருத்துவர். உன்னிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று, விடாமல் போடணும், பலன் தெரிய சில வாரம் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார்.

நீ மூன்று நாள் போட்டாய். நாலாம் நாள் உன் மாமா மகன் வந்தான். அலமாரியில் இருந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "என்னா மச்சான், லூசு மாத்திரையா?" என்று சிரித்தான். அவனுக்கு அது விளையாட்டு. அவன் போன பிறகு நீ அந்த அட்டையை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டாய். "இனிமே இத வாங்கிட்டு வந்தீனா நான் இந்த வீட்லயே இருக்க மாட்டேன்" என்றாய். ஒரு மாதத்தில் நீ பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அப்போது கல்லூரியில் ஓர் ஆராய்ச்சிப் பெண் கோரைக்கிழங்கை வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். நாம் நாற்று நடுவதற்கு முன் களை என்று பிடுங்கி வரப்பில் எறிகிறோமே, அதே கோரைதான். சீனாக்காரர்கள் அந்தக் கிழங்கின் ரோமத்தைத் தேய்த்து எடுத்து, நறுக்கி, காடியில், அதாவது புளித்த அரிசித் தண்ணீரில், ஊறவைத்து, நிதானமான தீயில் வறுத்து, மனம் சோர்ந்தவர்களுக்குக் கொடுக்கிறார்களாம். பச்சையாகக் கொடுப்பதற்கும் வறுத்துக் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அவளுடைய கேள்வி. பச்சைக் கிழங்கு ஒரு தட்டில், தண்ணீரில் அவித்தது ஒரு தட்டில், சாராயத்தில் வறுத்தது ஒரு தட்டில், காடியில் வறுத்தது ஒரு தட்டில் என்று நாலு தட்டு. வறுக்கிற வேலை முழுக்க என்னுடையது. தீ கொஞ்சம் கூடினாலும் கருகிவிடும், குறைந்தால் உள்ளே ஈரம் நின்றுவிடும். நாற்பது வருஷம் அடுப்பில் நின்ற கைக்கு அது பெரிய வித்தை இல்லை. "ஒரே கிழங்குதான் அக்கா, ஆனா வறுத்த விதத்துல உள்ள இருக்குற சரக்கே மாறிடுது. ஒண்ணு கொறையுது, ஒண்ணு கூடுது" என்பாள் அவள்.

அந்தப் பொடிகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். உயரமான கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி எலியை விடுவாள். முதலில் அது நீந்தும், சுவரைப் பிறாண்டும், ஏறப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் சில எலிகள் முயற்சியை விட்டுவிட்டு, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். எது எவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தது என்று அவள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வாள்; அந்த நேரம் குறைந்தால் பொடி வேலை செய்கிறது என்று கணக்காம். முடிந்ததும் எலியை எடுத்துத் துண்டால் துடைத்து, பல்பு வெளிச்சத்தில் காயவைப்பது என் வேலை. அசையாமல் கிடந்த எலியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு உன் முதுகு ஞாபகம் வரும். ஒருநாள் அடக்கமாட்டாமல் எந்தப் பொடி நல்லது என்று கேட்டேன். "காடில வறுத்தது கொஞ்சம் தேவலாம் போல இருக்கு. ஆனா இது எலி அக்கா. மனுசங்களுக்கு ஆகுமான்னு சொல்ல இன்னும் எவ்ளோவோ பாக்கணும்" என்றாள். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். வீட்டிலேயே காடி புளிக்கவைத்தேன். ஊறவைத்து, வறுத்து, இடித்து, சலித்து உனக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது நீ மறுக்கவில்லை. வேர், கிழங்கு என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள் அல்லவா? அலமாரியில் இருந்தாலும் யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். வெறும் பொடியை ஆறு வாரம் தேனில் குழைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு காலையும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. குளிப்பதையும் நிறுத்தினாய். ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "நான் இல்லாம இருந்தா உங்களுக்கெல்லாம் நிம்மதிதானம்மா" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாய். அன்று திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்வரை போனவள் ரயிலேறாமல் திரும்பி வந்துவிட்டேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிலைவாசலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நான் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். பையன் வேலைக்குப் போயிருக்கிறான், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான், தீர்ந்துவிட்டது என்று ஒரே மூச்சில் மூன்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லித்தான் வாங்கினேன். வாங்கிவந்த மாத்திரையை உரலில் இட்டு நுணுக்கி, பொடியில் கலந்து, தேனைக் கொஞ்சம் தாராளமாக விட்டுக் கொடுத்தேன். நீ நக்கிச் சாப்பிட்டாய். நேற்றுவரை சாப்பிட்டாய்.

படித்துவிட்டாயா தம்பி? அதுதான் விஷயம். இன்னொரு தடவை எழுதுகிறேன், சந்தேகம் வேண்டாம். நீ சாக்கடையில் போட்ட அதே மாத்திரையைத்தான் நாலு வருஷமாக உனக்குத் தெரியாமல் நான் கொடுத்துவருகிறேன்.

சில வாரத்தில் நீ தலை வாரிக்கொண்டாய். ஒருநாள் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றாய், நான் அடுப்படியில் போய் அழுதேன். பிறகு வேலைக்குப் போனாய், தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நண்பர்களோடு போய் மணல் ஒட்டிய காலோடு வீட்டுக்குள் வந்து என்னிடம் திட்டு வாங்கினாய். நீ நன்றாகி வர வர எனக்குத் தைரியமும் வந்தது. தினம் ஒரு மாத்திரை நுணுக்குவதை விட்டு, ஒரு மாதத்துக்கானதை மொத்தமாகக் கலக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் பிள்ளைகளுக்கு அதைச் செய்முறைப் பாடமாகவே சொல்லிக் கொடுப்பார்கள். அளவு குறைந்த சரக்கோடு, நிறைய இருக்கிற சரக்கிலிருந்து அதே அளவு, கலந்ததோடு மறுபடி அதே அளவு, அப்படியே இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு கரண்டியிலும் மருந்து சமமாக இருக்கும். வருஷக்கணக்காகப் பார்த்த வித்தையை நான் பெற்ற பிள்ளையை ஏமாற்றப் பயன்படுத்தினேன். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உன் அப்பா ஒருநாள் மோருக்குள் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "புள்ளைக்கு இவ்ளோ தெளிவு வந்துருக்கே, எனக்கும் ஞாபக மறதி ஜாஸ்தியா இருக்கு" என்றார். நான் பாய்ந்து டப்பாவைப் பிடுங்கினேன். "பாத்தீங்களாப்பா, அம்மாவுக்கு என் மேலதான் பாசம்" என்று நீ சிரித்தாய். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கென்று மாத்திரை கலக்காத பொடியைத் தனி டப்பாவில் போட்டுவைத்தேன்.

அந்த இரண்டாவது டப்பாதான் கடைசியில் வினையாக முடிந்தது. போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி, உன் சித்தி வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தேன் அல்லவா? மழையில் உன் டப்பாவுக்குள் ஈரம் இறங்கிவிட்டது என்று உன் அப்பா அதைக் கொட்டிவிட்டு, தன் டப்பாவிலிருந்து எடுத்து நிரப்பிவைத்திருக்கிறார். நல்லது செய்வதாகத்தான் அவர் நினைப்பு. நான் திரும்பி வந்தபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். "பொடி போட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன். இப்பல்லாம் கேக்க மாட்டேங்குது" என்றாய். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. "பொடி பழசாயிடுச்சுடா, வீரியம் போயிடுச்சு. புதுசா பண்ணித் தரேன்" என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தையல்கூட ஆறாத வயிற்றோடு தரையில் உட்கார்ந்து மறுபடி நுணுக்கினேன். நீ எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நோய் இல்லை, நான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். மறைத்தவள் அந்தச் சோற்றைப் பக்கத்திலேயே இருந்து காவல் காக்க வேண்டும் என்பது அப்போது தெரியவில்லை. நூர்ஜஹானிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நீ கண்ண மூடுனா என்னாக்கா பண்ணுவான்? யாரு கலந்து குடுப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மலர் வந்தாள். "அத்தை, அந்தப் பொடி எப்டி செய்றதுன்னு சொல்லிக் குடுங்க, அங்க போயி நான் செஞ்சு குடுக்குறேன்" என்று போனை நீட்டிப் படம் எடுத்தாள். நான் கிழங்கைத் தேய்த்தேன், நறுக்கினேன், காடி ஊற்றினேன், வறுத்தேன். நீ பக்கத்தில் நின்று, "நல்லா எடு மலர், இதுதான் என்ன எழுப்பி உக்கார வச்சுது" என்றாய். வறுத்து, இடித்து, சலித்துத் தட்டில் கொட்டினேன். "அவ்வளவுதானா அத்தை?" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்து, "அவ்வளவுதாம்மா" என்றேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். என்னால் அந்த ஒரு பொய்யோடு இருக்க முடியவில்லை. அந்தப் பெண் புனேயில் ஒரு சமையலறையில் நின்று, படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, ஒன்றுவிடாமல் அப்படியே செய்வாள். நீ நாளுக்கு நாள் கீழே போவாய். தன் கையில்தான் ஏதோ குறை என்று அவள் அழுவாள். இனி எந்த மருந்தும் எனக்குக் கேட்காது என்று நீ நினைத்துக்கொள்வாய். அப்படி நினைத்துக்கொண்டு நீ ஏதாவது செய்துகொண்டால்? இதற்கு மேல் இந்த வரியை எழுத என்னால் முடியவில்லை.

நேற்று டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க செஞ்சது ரொம்பத் தப்பும்மா. அவருக்குத் தெரியாம நீங்க குடுத்துருக்கவே கூடாது. அந்தப் பொடியோட மாத்திரை சேர்ந்தா என்னா ஆகும்னாவது என்ன ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல?" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன், தகும். அதோடு இதையும் சொன்னார்: "ஆனா இப்ப கோவத்துல திடீர்னு நிறுத்திடக் கூடாது. கொறைக்கணுமா, தொடரணுமா, என்னான்னு பாத்து நான் சொல்றேன். அவரக் கூட்டிட்டு வாங்க, புனேல யார்ட்ட காட்டணும்னும் எழுதித் தரேன்." கோரைக்கிழங்கைப் பற்றியும் கேட்டேன். அது ஏதாவது செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம், தெரியாது என்றார். எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி உனக்கு ஊட்டினேன் பார், அதுதான் என் குற்றம்.

இன்னொரு குற்றமும் இருக்கிறது, அதைச் சொல்ல இதைவிட வெட்கமாக இருக்கிறது. நீ மாத்திரையை எறிந்தபோது, அது உனக்கு மட்டும் வந்த வெட்கம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். இல்லை. எனக்கும் அதே வெட்கம்தான். அக்கம்பக்கத்தில் என் மகன் கிழங்குப் பொடி சாப்பிடுகிறான் என்று சொல்ல எனக்கு வசதியாக இருந்தது. உன் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு, எனக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, இரண்டும் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. உன்னுடையதை மட்டும் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். நோய்க்கு மருந்து கொடுத்தேன், வெட்கத்துக்குத் தீனி போட்டேன். அன்றைக்கு உன் மாமா மகன் சிரித்தபோது, "ஆமாண்டா, அவனுக்கு ஒடம்பு சரியில்ல, மாத்திரை சாப்புடுறான், உனக்கென்னா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்தக் கடிதமே வேண்டியிருந்திருக்காது. பச்சையாகச் சொன்னால் தாங்க மாட்டாய் என்று உண்மையையும் வறுத்துப் பொடித்துத்தான் கொடுத்தேன்.

மலரிடம் சொல்வதா வேண்டாமா என்பது நீ முடிவுசெய்ய வேண்டியது. என்னைக் கேட்டால், தாலி ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடு. அவள் வேண்டாம் என்று போனாலும் அது அவளுடைய உரிமை. நான் பார்த்தவரை அவள் போகிறவள் இல்லை. உனக்காகக் கரிப்புகையில் நின்று படம் எடுத்தவள் ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்தா ஓடுவாள்? உன் அப்பாவிடம் இன்று காலையில் நானே சொல்லிவிட்டேன். எழுந்துபோய்த் தன் டப்பாவைத் திறந்து பார்த்தார். பிறகு, "கொட்டுனது நான்தானே" என்றார். அதற்குமேல் அவரை எதுவும் கேட்காதே.

இந்தக் கடிதத்தோடு மாத்திரை அட்டையை வைத்திருக்கிறேன். நுணுக்கவில்லை, கலக்கவில்லை, அட்டையிலேயே இருக்கிறது. பேரைப் படித்துக்கொள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நீ தனியாகப் போனாலும் சரி, மலரோடு போனாலும் சரி, என்னை வெளியே உட்காரச் சொன்னாலும் சரி. நான் செய்ததை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் உடம்புக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள உனக்கு இருந்த உரிமையை நான் எடுத்துக்கொண்டேன், அதற்கு நீ எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் தகும். கல்யாணத்தில் என் பக்கம் திரும்பாமல் நின்றாலும் பொறுத்துக்கொள்வேன். புனேயிலிருந்து எனக்குப் போன் பண்ணாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்றைக்கு உன் டப்பாவை நான் எடுத்துவிட்டேன், காலையில் உனக்கு மருந்து எதுவும் போகவில்லை. என் மேல் கோபப்படு தம்பி, எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோபப்படு.

அம்மா